பின் சஸ்பென்ஷன் போல்ட்: தொங்கவிட்டு இறுக்குவதா, எடை ஏற்றி இறுக்குவதா?

டிரெய்லிங் ஆர்ம், லோயர் ஆர்ம், டார்ஷன் பீம் எனப் பின்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் எதைக் கழற்றி மாட்டினாலும், கடைசி இறுக்கை எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் மூட்டில் இருக்கும் புது புஷ்ஷின் (ரப்பர் உருளையின்) ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ரப்பர் புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழாய். ரப்பர் அதோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட் இறுகியதும் பிராக்கெட் அந்தக் குழாயைக் கவ்விக்கொள்ளும். பிறகு குழாய் சுழலாது. ஆர்ம் ஏறி இறங்க ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்க வேண்டும். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலை.

இரண்டு தூண் லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்குவது வேகமான வழி. ஆனால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து தெரியும். மேட்டில் ஏறும்போது ரப்பர் இன்னும் முறுகி, சீக்கிரமே கிழியும். பழி புஷ் கம்பெனி மேல் விழும்.

ஜாக்கி வைத்து இறுக்குவது இரண்டாவது வழி. தூக்கும் முன்பே, சமதளத்தில், ஹப் (சக்கரம் பூட்டும் மையப்பகுதி) நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, ஹப்புக்கு நேர் கீழே ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, பிறகு இறுக்குங்கள். பின்பக்க எடை குறைந்த ஹேட்ச்பேக்கில் அளவு வருவதற்குள் பாடியே லிஃப்ட் கையை விட்டு எழும்பப் பார்க்கும். அப்படியானால் உடனே ஜாக்கியை இறக்கிவிட வேண்டும்.

குழி அல்லது நான்கு தூண் லிஃப்டில் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு இறுக்கினால் போதும், அளவெடுக்கும் வேலையே இல்லை. குறை ஒன்றுதான்: சில போல்ட்டுகளுக்குச் சக்கரம் மறைத்து ரெஞ்ச் எட்டாது. குழி இருந்தால் எங்கள் தேர்வு இதுவே, இல்லையென்றால் ஜாக்கி.

குண்டுபோல் சுழலும் மூட்டான பால் ஜாயின்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை, தொங்கும்போதே இறுக்கலாம். ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண்ணில் ரப்பர் புஷ் இருந்தால் அதற்கும் எடை ஏற்றியே இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது.

கருவியைப் பொறுத்தவரை இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். கடைசி இறுக்கு, இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெய் தடவினால் அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். '90 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி' என்பதுபோல மேனுவலில் இருந்தால், முதல் அளவு வந்ததும் திருப்பும் நட்டில் (அல்லது தலையைத் திருப்பினால் தலையில்) பெயின்ட் கோடு போட்டு, மிச்சத்தைக் கோணமாகத் திருப்ப வேண்டும். இப்படி இழுபடும் போல்ட்டையும் நைலான் வளைய நட்டையும் மறுபடி போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட் இருந்தால் கழற்றும் முன்பே அதன் நிலையைக் கோடிட்டு வையுங்கள். கோட்டில் சரியாக உட்கார்ந்தாலும், இறுக்கி முடித்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே வண்டியைக் கொடுக்க வேண்டும்.