வலி கிளினிக்கில் ரூ.78,400 போச்சு: "கேஷ்லெஸ் ஆயிரும்" என்று வாயால் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

கொஞ்ச நாள் முன்னால்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கிளைம் நிராகரிப்பு. பாதி கூட இல்லை, கால்வாசி கூட இல்லை, மொத்தமும் இல்லை. 78,400 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அடங்கிவிட்டால் "சரி போ" என்று விட்டுவிடுவேன். முதுகுவலி, நரம்புவலி, மூட்டுவலி என்று ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், கையில் இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் இருப்பவர்கள், படித்துவிட்டுப் போங்கள். என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பில் ஆரம்பித்து இடது கால் விரல் வரை இழுக்கிற வலி. இடுப்பு முதுகெலும்பில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐயில் வந்தது. எலும்பு டாக்டர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், நரம்பு வேர்ப்பக்கம் ஊசி போட்டுப் பார்க்கலாம், வலி ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்கள் என்றார். அப்படித்தான் கோவையில் வலிக்கென்றே தனியாக நடத்துகிற ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். பெயர் சொல்லப்போவதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் சொல்லப்போவதில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, மீன் தொட்டி, ஐந்தாறு கட்டில் போட்ட ஒரு ஹால், உள்ளே ஒரு தியேட்டர். அவ்வளவுதான் இடம்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நான் போனது இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குத்தான். அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நீங்க முன்னாடியே விசாரிச்சிருக்கணும்" என்று யாராவது வந்து சொல்வார்கள் என்று தெரியும். விசாரித்தேன், கேஷ்லெஸ் ஆகுமா, அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுமா என்று. அந்த டெஸ்க்கில் இருந்த அம்மிணி கார்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, பாலிசி எப்போது எடுத்தது என்று பார்த்து, "ரெண்டு வருசம் தாண்டிருச்சுங்ணா, டிஸ்க்குக்கு வெயிட்டிங் பீரியட் முடிஞ்சுது, டேகேர்ல போட்டுரலாம், இப்பத்தான் எல்லா ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் வந்துருச்சே, ஆயிருங்ணா, கவலையே படாதீங்க" என்றது. (வெயிட்டிங் பீரியட் என்றால் பாலிசி எடுத்த புதிதில் சில நோய்களுக்குப் பணம் தராத காலம்; டேகேர் என்றால் ராத்திரி தங்காமல் அன்றே முடிகிற சிகிச்சை.) அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தது, சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. இவ்வளவு அன்பாகப் பேசுகிற பிள்ளை பொய்யா சொல்லப்போகிறது? அட்வான்ஸ் 30,000 கட்டச் சொன்னார்கள், அப்ரூவல் வந்ததும் திருப்பிவிடுவார்களாம். ஜிபேயில் அனுப்பினேன்.

அன்று மதியம் வரை "டிபிஏவிலிருந்து பதில் வரலீங்ணா". டிபிஏ என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளைமைக் கவனிக்கிற ஏஜென்சி. தியேட்டர் தயார், டாக்டர் தயார், அம்மா காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் பட்டினி. "அவங்க லேட் பண்ணுவாங்க, நம்ம ப்ரொசீஜர முடிச்சிருவோம், பணம் எங்க போயிரும்?" என்று கையெழுத்து வாங்கினார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே மிஷின் வைத்து ஊசி, கூடவே ரேடியோ அலையில் நரம்பைச் சூடுபடுத்துகிற சிகிச்சை, சாயங்காலமே டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் நேரத்தில் "கேஷ்லெஸ் டிலே ஆகுது, நீங்க கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்ல வாங்கிக்கங்க, அதே பணம்தான்" என்று மீதி 48,400. ஆக 78,400.

இப்போது கேளுங்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2024லேயே கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டாயிற்று. அப்புறம் எப்படி மதியம் வரை பதில் வராமல் இருக்கும்? கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், அப்படி ஒரு கோரிக்கையே எங்களுக்கு வரவில்லை என்கிறார்கள்! அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தாலும் நடந்திருக்காது என்பது பிறகு தெரிந்தது. கம்பெனியின் நெட்வொர்க்கில் (ஒப்பந்தம் போட்ட பட்டியலில்) இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் என்ற திட்டம் 2024 ஜனவரியில் வந்தது உண்மைதான், ஆனால் திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்னாடியே கம்பெனிக்குச் சொல்லியிருக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் 15 படுக்கையாவது இருக்கவேண்டும். ஐந்தாறு கட்டில் போட்டுக்கொண்டு கேஷ்லெஸ் ஆயிரும் என்று எந்த வாயால் சொன்னார்கள்?

சரி, ரீஇம்பர்ஸ்மென்ட்டாவது வரும் என்று பில், எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் சீட் (நோய் விவரம் கேட்டு எழுதுகிற தாள்) எல்லாம் அனுப்பினேன். அங்கேதான் அடுத்த அடி. கேஸ் சீட்டின் முதல் பக்கத்தில், நீல மையில், கோழி கிளறின மாதிரி எழுத்தில் "லோ பேக் ஏக், 3 இயர்ஸ்", அதாவது மூணு வருசமா இடுப்புவலி என்று இருக்கிறது. எழுதியது பெரிய டாக்டர் இல்லை, அவருக்கு முன்னால் விவரம் கேட்ட ஒரு ஜூனியர் பையன். அம்மா சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "மூணு மாசமா உக்கார முடியறதில்லீங்க கண்ணு. அதுக்கு முன்னால மூணு வருசமா தோட்டத்துல குனிஞ்சு நிமிந்தா அப்பப்ப புடிக்கும், தைலம் தேச்சுக்குவேன்." அவன் அந்த மூணு மாசத்தை விட்டுவிட்டு மூணு வருசத்தைப் பிடித்துக்கொண்டான். பாலிசிக்கு வயது ரெண்டு வருசம் சொச்சம். முடிந்தது கதை. "பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், தெரிவிக்காமல் மறைத்துள்ளீர்கள்" என்று கடிதம். மறைத்தோமாம்! ஐஆர்டிஏஐ விளக்கப்படி, பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்ததோ, டாக்டர் வைத்தியம் சொன்னதோ, பார்த்ததோ இருந்தால்தான் அது முன்பே இருந்த நோய். கோடாலித் தைலம் எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தது?

கிளினிக்குக்குப் போய், வலி ஆரம்பித்த விவரத்தை அம்மா சொன்னபடியே டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொடுங்கள் என்று கேட்டேன். திருத்தி எழுதச் சொல்லவில்லை, நடந்ததை எழுதச் சொன்னேன். "டாக்டர் கான்பரன்ஸ் போயிருக்காருங்ணா." அடுத்த முறை "கேஸ் சீட்டுல கை வைக்கக் கூடாதுங்ணா, லீகல் டாகுமென்ட்." சுடுதண்ணீர் கொடுத்த அதே பிள்ளை இப்போது கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்புவதே இல்லை. கேஷ்லெஸ் ஆகும் என்று சொன்னீர்களே அம்மிணி என்றால் "நான் அப்படிச் சொல்லலீங்ளே, ட்ரை பண்ணலாம்னுதான் சொன்னேன்." கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் வந்து, "அது உங்களுக்கும் உங்க இன்சூரன்ஸுக்கும் உள்ள பிரச்சனை சார்" என்று வாசல் வரை கூட்டிவந்து விட்டார். 78,400 வாங்கும்போது அது அவர்கள் பிரச்சனையாகத்தானே இருந்தது?

இன்சூரன்ஸ் பக்கம் கேட்டால் தினமும் ஒரு புதுக் குரல், அதே வாக்கியம்: "உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." எந்தப் பிரிவு என்று கேட்டால் லைன் கட்.

அம்மாவுக்கு வலி பாதி குறைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுபடி ஊசி தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காசுக்கு எங்கே போவது?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: அப்ரூவல் மெயில் உங்கள் போனில் வரும்வரை தியேட்டருக்குள் ஆளை அனுப்பாதீர்கள், டெஸ்க்கில் சொல்வது எதற்கும் மதிப்பில்லை, கம்பெனிக்கு நீங்களே போன் போட்டுக் கோரிக்கை வந்ததா என்று கேளுங்கள். போடப்போகிற ஊசியின் பெயரைச் சொல்லி டேகேரில் வருமா, ஓபி (வெளிநோயாளி) என்று தள்ளுவார்களா என்று மெயிலில் பதில் வாங்குங்கள். விவரம் கேட்டு எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எத்தனை நாளாக என்று என்ன எழுதுகிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே அப்போதே மாற்றச் சொல்லுங்கள், சாயங்காலம் சொன்னால் அது லீகல் டாகுமென்ட் ஆகிவிடும்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இன்றே மெயில் போட்டுவிட்டேன், ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதிந்தாயிற்று (155255 எண்ணிலும் சொல்லலாம்). ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ மறுபடி இதே பல்லவி என்றாலோ சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் தகராறைத் தீர்த்துவைக்கிற அதிகாரி) போகப்போகிறேன், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதே மாதிரி கேஸ் சீட் தகராறில் அங்கே போய் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், டாக்டரிடமிருந்து என்ன எழுதி வாங்கினீர்கள், எப்படி வாங்கினீர்கள் என்று தயவுசெய்து கமெண்ட்டில் போடுங்கள்.