தடைக்காலம் முடிந்து செட்டு எழவில்லை: கடையா, பக்கத்துப் படகா, பல்பா?

மீன்பிடித் தடைக்காலம் என்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மேற்குக் கரைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் எஞ்சினைப் பிரிப்பார்கள், அடிப்பலகையைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை கட்டுவார்கள். கேபினில் இருக்கும் செட்டுகள், அதாவது இடம் காட்டும் ஜிபிஎஸ், ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ, பேசும் ரேடியோவான விஎச்எஃப், இவற்றின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. கடலுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டால், ஒன்று எழாது. இல்லையென்றால் எழுந்து உடனே அணையும்.

துறைமுகத்தில் அப்போது மூன்று யோசனை வரும். செட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போ. பக்கத்துப் படகு செட்டை வாங்கி மாட்டிப் பார். பாட்டரியிலிருந்து செட்டு வரை வயரைச் சோதித்துக்கொண்டே வா. என் ஓட்டு மூன்றாவதற்கு.

கடைக்கு எடுத்துப் போவதில் ஒரு கோளாறு உண்டு. அங்கே மேஜை மேல் சுத்தமான பவர் சப்ளை இருக்கும். போட்டதும் செட்டு எரியும். "செட்டு நல்லா இருக்குண்ணே" என்று கடைக்காரர் திருப்பித் தருவார். அவர் பொய் சொல்லவில்லை. நோய் இருப்பது படகில் விட்டுவந்த வயரில். அதைவிடப் பெரிய கவலை பாயிண்டுகள். வருஷக்கணக்காகச் சேர்த்த பார் (கடலடிப் பாறை), வலை சிக்கும் இடம், மீன் கிடக்கும் இடம் எல்லாம் அந்தச் செட்டுக்குள் இருக்கிறது. ரீசெட் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் போச்சு. அழிக்காவிட்டாலும், கூடப் பிறந்தவனுக்குக்கூடச் சொல்லாத பாயிண்டை இன்னொருவர் மேஜையில் விட்டுவிட்டு வர எந்த டிரைவருக்கு மனசு வரும்?

பக்கத்துப் படகு செட்டு சீக்கிரமான வழி. ஐந்து நிமிஷத்தில் "செட்டா, வயரா" என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால்தான் அது. பிளக் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். எக்கோவில், படகின் அடியில் இருந்து ஒலி அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரின் அலைவரிசையும் வாட்டும் பொருந்த வேண்டும். தடைக்காலத்தில் யாராவது பாட்டரியைக் கழற்றி பிளஸ் மைனஸை மாற்றி மாட்டியிருந்தால் இரவல் செட்டும் சேர்ந்து போகும். அப்புறம் அந்தக் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேச முடியாது. அதனால் இரவல் கேட்கும் முன் வயரில் பிளஸ் எது, எத்தனை வோல்ட் என்றாவது பார்த்துவிடுங்கள்.

இனி மூன்றாவது வழி. இதிலும் வயரின் செட்டுப் பக்க முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கும் மீட்டர் கட்சி, பல்பை மாட்டிப் பார்க்கும் பல்பு கட்சி என்று இரண்டு உண்டு. மீட்டர் வைத்திருப்பவர் பல்புக்காரரைப் பார்த்துச் சிரிப்பார். இந்த விஷயத்தில் பல்புக்காரர் பக்கம்தான் நியாயம். மீட்டர் வயரிலிருந்து மின்சாரமே எடுப்பதில்லை என்று சொல்லலாம். பச்சைக் களிம்பு பிடித்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 12.6 என்று காட்டும். பார்ப்பவர் வயர் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார். அதே வயரில் பல்பை மாட்டினால் மினுக்கென்று எரியும். குட்டு அங்கேயே வெளிப்படும்.

எந்தப் பல்பு என்பதும் முக்கியம். விஎச்எஃப் லைனுக்கு 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு சரி. அது நாலரை ஆம்பியர் இழுக்கும், செட்டு பேசும்போது இழுப்பதற்குப் பக்கம். ஜிபிஎஸ் லைனில் அதைப் போட்டால் சின்ன ஃபியூஸ் எரிந்துவிடும். அங்கே 10 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். படகு 24 வோல்ட் என்றால் லாரி பல்பு.

பல்பு எரியும்போதே மீட்டரையும் எடுங்கள். ஒரு முனையைப் பாட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையைச் செட்டுப் பக்கத்துப் பிளஸ்ஸிலும் வைத்தால், வழியில் தொலைகிற வோல்ட் நேராகத் தெரியும். மைனஸுக்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 0.36-க்குள், அதாவது 12 வோல்ட்டில் மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று வந்தால் முதலில் ஃபியூஸ் ஹோல்டர், அடுத்து முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். மைனஸ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, பாதி நேரம் அங்கேதான் இருக்கும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், தீப்பிடிப்பது அப்படித்தான்.

இதற்கெல்லாம் முன்னால் பாட்டரி. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் 12.7 முழுசு, 12.2 பாதி. சித்திரை வெயிலில் சும்மா கிடக்கும் பாட்டரி வேகமாக வடியும்.

பல்பும் மீட்டரும் கையில் இல்லையா? விஎச்எஃப்பே சொல்லும். கேட்கும்போது அது ஒரு ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கிறது; 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர். 1 வாட்டில் பேச முடிகிறது, 25-க்கு மாற்றி அழுத்தினால் திரை அணைகிறது என்றால் செட்டைக் கழற்றாதீர்கள். வயரையும் பாட்டரியையும் பாருங்கள். சோதனையை 16-ஆம் சேனலில் செய்ய வேண்டாம், அது ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல்.

கோளாறே இல்லாத கோளாறுகளும் உண்டு. இரண்டு மாதம் அணைந்து கிடந்த ஜிபிஎஸ்ஸுக்கு, எந்தச் சாட்டிலைட் எங்கே இருக்கும் என்ற கணக்குப் பழசாகியிருக்கும். முழுக் கணக்கையும் இறக்க 12.5 நிமிஷம் ஆகும், ஆகவே ஆன்டெனாவுக்கு வானம் தெரியும்படி வைத்துக் கால் மணி நேரம் பொறுங்கள். எக்கோ எரிகிறது, தரை காட்டவில்லை என்றால், படகு இன்னும் கரையில் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். காற்றில் அது தரை காட்டாது. தண்ணீரில் இறக்கியும் காட்டவில்லையென்றால், அடிப்பலகைக்குப் பெயிண்ட் அடித்தவர் டிரான்ஸ்டியூசர் முகத்தையும் சேர்த்துக் கனமாகப் பூசியிருப்பார்.

பல்பு பளிச்சென்று எரிந்தும் செட்டு எழவில்லை என்றால் கடைதான். இரும்புப் படகில் செட்டு வயரைக் கழற்றாமல் வெல்டிங் அடித்திருந்தாலும் நேராகக் கடைக்கே போகலாம். அந்த மின்சாரம் உள்ளே போர்டைத் தின்றிருக்கக்கூடும். பாயிண்டை அழிக்கக் கூடாது என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.