குளியலறைக் கண்ணாடிக் கதவு: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கதவு தொங்கித் தரையை உரசுகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் கண்ணாடியில் இல்லை. கீலின் திருகுகள் தளர்ந்திருக்கும். தண்ணீர் வெளியே கசிந்தால், விளிம்பு ரப்பர் பட்டை இறுகி வெடித்திருக்கும். இவற்றை மட்டும் சரிசெய்துகொள்வதே சிக்கனம். வெண்படலமும் அப்படித்தான்: உப்புநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு வினிகரில் கரைந்துவிடும், கண்ணாடியே அரிக்கப்பட்டு மங்கியிருந்தாலும், அது அழகுக் குறையே தவிர ஆபத்தில்லை.

விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் நிலைமை வேறு. இக்கதவுகளுக்கான கண்ணாடி 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்பட்டு, வேகமான காற்றால் சட்டென்று குளிர்விக்கப்படுவதால், அதன் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைபெற்றுவிடுகின்றன. சேதம் அந்த உட்பகுதியை எட்டினால் முழுக் கதவும் ஒரு நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். டார்ச் வெளிச்சத்தை விளிம்பின்மீது சாய்வாக அடித்துப் பாருங்கள்; பெயர்ந்த இடம் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து மின்னும். கீலுக்கருகே அது தென்பட்டால் என் கருத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. பசை தடவினால் போன வலிமை திரும்பாது. பதப்படுத்திய கண்ணாடியை மறுபடி வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், புதிதாக அளவெடுத்துக் கதவையே மாற்ற வேண்டும். அதுவரை, குறிப்பாகக் குழந்தைகள், அந்தக் கதவைப் பயன்படுத்தாமலிருப்பது அவசியம்.