வால்வு அறுவைக்குப் பணம்: நகையா, நன்கொடையா, காப்பீட்டு அட்டையா?

சிறு வயதில் வந்த தொண்டைப் புண் வாதக் காய்ச்சலாக மாறி, பல ஆண்டுகள் கழித்து இதயத்தின் மிட்ரல் வால்வை, அதாவது ரத்தம் ஒரே திசையில் போக வழிவிடும் கதவு போன்ற பகுதியை, சுருக்கிவிடும். பெண்களையே அதிகம் பிடிக்கிற நோய் இது. படியேறும்போது மூச்சு வாங்கினால் "ரத்தசோகையாக இருக்கும்" என்று ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் நாளில், வீட்டில் முதலில் திறக்கப்படுவது பீரோ.

நகைக் கடனில் பணம் அன்றைக்கே கைக்கு வரும். அவசரத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தவர் இரண்டு மூன்று மாதங்களுக்குக் குடம் தூக்கக் கூடாது. வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண் வட்டியை எதிலிருந்து கட்டுவார்?

இணையத்தில் நிதி திரட்டினால் கடன் இல்லை. ஆனால் வசதியான நட்புவட்டம் உள்ளவர்களுக்கே அது கைகொடுக்கிறது. மூக்கில் குழாயோடு கிடக்கும் தன் படத்தை ஊரே பார்ப்பதில் அவருக்குச் சம்மதமா என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முன்பு இந்த வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அன்று திரும்பி வந்தவர்கள் "நமக்குக் கிடைக்காது" என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இந்த அட்டை செல்லும். குறை, அலைச்சல்தான். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிறகு அறுவைக்கு முன்பே மருத்துவமனை திட்டத்திடம் வாங்க வேண்டிய அனுமதி. நாலு படி ஏற முடியாதவரைத் தனியாக அலைய விடலாமா? பணம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் போனால், அதுவே பேருதவி.

அப்படியானால் நன்கொடை வேண்டாமா? வேண்டும், ஆனால் அறுவைக்குப் பிறகு. உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், எந்த வகை வால்வு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கையில் காசில்லை என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகும். நான்கு பேர் சேர்ந்து மாதாமாதம் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.