‘இலவசத் தத்து’ என்று எனக்கு வந்த கிரேட் டேன் குட்டி

பெரிய இன நாய்க்குட்டியைக் குறைந்த செலவில் தத்தெடுக்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டு யோசித்தவள்.

கிரேட் டேன் ஆசை என் மகளுடையது. முறையாக வளர்த்து விற்பவர்கள் சொன்ன விலை எங்களுக்கு எட்டவில்லை. சில மாதம் பிடித்துப் பிடித்துச் சேர்த்ததில் ஒரு சின்னத் தொகை இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கிரேட் டேன் குட்டிகள், வயது எட்டு வாரம், விற்பனைக்கு அல்ல, நல்ல வீட்டுக்கு மட்டும் தத்து. கூடவே, வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகளோடு கம்பீரமாக நிற்கும் தாய் நாயின் படம்.

பேசியவர் தேனாகப் பேசினார். “அக்கா, உயிருக்கு விலை சொல்றது பாவம்க்கா. நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டாப் போதும்.” அதில்தான் விழுந்தேன். விலை பேசுகிற ஆளிடம் நாம் உஷாராக இருப்போம். விலையே வேண்டாம் என்கிறவரிடம் நாலு கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் பதிவுக் கட்டணம்: “இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க, உங்க பேர்ல நிறுத்தி வைக்கணும்ல?” இரண்டு நாள் கழித்து ஊசிச் செலவு. அதற்கப்புறம் வண்டிக் கூலி. கடைசியில் கூண்டுக்கு முன்பணம், குட்டி கைக்கு வந்ததும் திருப்பித் தருவதாக. ஒவ்வொன்றும் ‘சரி, இவ்வளவுதானே’ என்று அனுப்பிவிடக்கூடிய தொகை. முன்னால் அனுப்பியது வீணாகக் கூடாதே என்றுதான் அடுத்ததை அனுப்பினேன். கூட்டிப் பார்த்தபோது சேர்த்ததில் முக்கால்வாசி கரைந்திருந்தது. சிலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். குட்டி விமான நிலையத்தில் நிற்கிறது, காப்பீடு கட்ட வேண்டும், தனிக் கூண்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போவார்கள், குட்டி மட்டும் வராது. எனக்குக் குட்டி வந்தது. அதனால் ஏமாந்தது தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

நடுவில் ஒரே ஒரு முறை, தாயையும் குட்டிகளையும் சேர்த்து வீடியோவில் காட்டச் சொன்னேன். “தாய் வேற இடத்துல இருக்குக்கா, குட்டி பால் மறந்து நாளாச்சு” என்றார். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். நாய்க்கு அது அப்படியே பொருந்தும். குட்டி எவ்வளவு உயரம் வளரும், குணம் எப்படி இருக்கும் என்பதற்கெல்லாம் தாய்தான் கண்ணெதிரே நிற்கும் சாட்சி. பெரிய இனங்களில் அதிகம் வரும் இடுப்பு மூட்டுக் கோளாறும் பரம்பரையாக இறங்குவதுதான். அந்தத் தாயின் படத்தை ரொம்பப் பிந்தித்தான் படத்தேடலில் போட்டுப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன்பு, வேறொரு நாட்டில், யாரோ தங்கள் நாயைப் பற்றி எழுதியதில் இருந்த படம். அரை நிமிட வேலை. பணம் அனுப்புவதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

சனிக்கிழமை இருட்டிய பிறகு, நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துத்தான் குட்டியைக் கொடுத்தார். வீடு எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லை. காரின் பின் இருக்கையில் இன்னும் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. நான் முன்பணம் கட்டிய கூண்டைக் காணோம். கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மகள் பெட்டியைத் திறந்து குட்டியைத் தூக்கிவிட்டாள். அதற்குமேல் என்ன கேட்பது? குட்டி மேல் பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. பின்பக்கம் மட்டும் ஈரம். “இப்பதான் குளிப்பாட்டினோம்க்கா.” ஏன் அங்கே மட்டும் கழுவினார்கள் என்று அப்போது தோன்றவில்லை. ஒரு தடுப்பூசி அட்டையும், ‘எலும்பு கனமா வரும்’ என்று ஒரு கால்சியம் பாட்டிலும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் மகள் அதற்கு ‘யானை’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கியது. பயணக் களைப்பு என்று நினைத்தோம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதது என் தப்பு, அதை மறைக்கப் போவதில்லை. திங்கள் விடியற்காலையில் வாந்தி. எட்டு மணிக்குள் மூன்று தடவை.

கிளினிக்கில் எடை போட்டார்கள். சீட்டில் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: பெயர் யானை, எடை 2.1 கிலோ. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வார டேன் குட்டி இதைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்றார். வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் வந்திருந்தன, பின்னால் கடைவாய்ப் பக்கம் ஈறுக்குள்ளிருந்து அப்போதுதான் வெள்ளையாக முனை தெரிந்தது. எட்டு வாரத்தில் பால்பற்கள் பெரும்பாலும் முளைத்து முடிந்திருக்கும். இதற்கு ஐந்து வாரம் இருந்தால் அதிகம். தாயிடமிருந்து பிரிக்கவே கூடாத வயது.

அடுத்து அந்த அட்டை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற லேபிள் அதில் இருந்தது, தொகுதி எண்ணோடு. டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அதன்மேல் இழுத்தார். எழுத்து நீலமாகக் கரைந்து வந்தது. பிரிண்டரில் அடித்து ஒட்டியது. ரேபிஸ் ஊசியும் போட்டதாக அதில் தேதி இருந்தது. ரேபிஸ் ஊசியைப் பொதுவாக 12 வாரம் ஆன பிறகுதான் போடுவார்கள். அட்டையைத் தயார் செய்தவருக்கு அதுகூடத் தெரியவில்லை. எட்டு வாரக் குட்டியின் அட்டையில் எல்லா ஊசியும் முடிந்ததாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உண்மையான அட்டையில் அந்த வயதில் ஒரு ஊசி இருக்கும், அதிகம் போனால் இரண்டு. மீதியை 16 வாரம் வரைக்கும் இடைவெளி விட்டுப் போட வேண்டியிருக்கும்.

மலத்தில் எடுத்த சோதனை பத்து நிமிடத்தில் கோடு காட்டியது. பார்வோ. நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி வாந்தியும் கழிச்சலும் கொண்டுவரும் வைரஸ், 1978 வாக்கில் தலைகாட்டி, ஓரிரு வருடத்தில் உலகம் முழுக்கப் பரவியது. தொற்றி அறிகுறி தெரியக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். குட்டி எங்களிடம் வந்து ஒன்றரை நாள்தான். அதாவது அந்த அட்டைப்பெட்டிக்குள் வரும்போதே நோய் உள்ளே இருந்தது. கால்சியம் பாட்டிலை டாக்டர் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பைக் கெடுக்குமே தவிர வலுவாக்காது என்றார். அந்தக் காலையில் அது ரொம்பச் சின்ன விஷயமாகப் பட்டது.

நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வாந்தியை நிறுத்த ஊசி, ஆன்டிபயாடிக், இரவில் சூட்டுக்கு விளக்கு. சேர்த்ததில் மிச்சமிருந்த கால்வாசியும் போய், அதற்கு மேல் கடனும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. மகளிடம் நான்தான் சொன்னேன்.

குட்டி கொடுத்தவருக்குப் பரிசோதனைச் சீட்டை அனுப்பினேன். “எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க என்ன கொடுத்தீங்க?” என்று ஒரு பதில். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் அனுப்பிய விவரம், உரையாடல், வண்டி எண் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டது என் மகள்தான், நான் இல்லை.

பட்ஜெட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கணக்குப் போட்டதே தப்பு. பெரிய இனத்தில் குட்டிக்குக் கொடுக்கிற காசு மொத்தச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாம் எடையை வைத்துத்தான். வளர்ந்த ஆண் டேன் 60 கிலோவைத் தாண்டும். தீனியைச் சொல்லவே வேண்டாம். கையில் இருக்கிற காசு கொஞ்சம் என்றால் அதைத் தீனிக்கும் டாக்டருக்கும் ஒதுக்கிவிட்டு, குட்டியே வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். காப்பகங்களிலும் இன வாரியான மீட்புக் குழுக்களிலும் ஒன்றிரண்டு வயதான பெரிய நாய்கள்தான் இடமில்லாமல் காத்திருக்கின்றன. அவை எவ்வளவு பெரிதாகும் என்று யாரும் கதை விட முடியாது. ஏற்கெனவே ஆகிவிட்டன.

எங்களுக்கு வேறு வழியும் இல்லை. பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வெறும் சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலால் வீட்டை இரண்டு முறை கழுவினோம். அப்படியும், ஒரு வருடத்துக்கு ஊசி முடியாத குட்டி எதுவும் இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்றார் டாக்டர். ஊசியெல்லாம் முடிந்த பெரிய நாய் வரலாம்.

காப்பகத்தில் எங்களைக் குடைந்து எடுத்தார்கள். சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். அந்தப் பழைய ஆள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பணம் அனுப்பிட்டீங்களா என்பதுதான். இங்கே வாங்கிய கட்டணத்துக்குள் ஊசி, கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் அடக்கம், ரசீதோடு. நான் முன்பு தவணை தவணையாகக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

மூன்று வயது, கலப்பினம், 38 கிலோ. மகள் இவனுக்குப் பெயர் வைக்கவில்லை. காப்பகத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்.