கம்ப்யூட்டரை ராத்திரியில் அணைப்பதா, ஓடவிடுவதா: சென்னையில் பல வருஷப் பழக்கத்திலிருந்து

புத்தக வடிவமைப்பு என் தொழில். வீட்டில் ஒரு அறையில் டெஸ்க்டாப் வைத்து வேலை செய்கிறேன். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தபோது ஒரு மெஷின், அங்கேயே இன்னொன்று, வேளச்சேரிக்குக் குடிவந்த பிறகு இப்போது இருப்பது. முதல் மெஷினை அணைத்ததே அபூர்வம். இரண்டாவதை வேலை முடிந்ததும் தவறாமல் அணைத்தேன். இரண்டு பழக்கத்தையும் வருஷக்கணக்கில் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் கம்ப்யூட்டரைச் சாகடிப்பது சூடு, தூசி, பிளக் வழியாக வரும் கோளாறான கரண்ட், இந்த மூன்றும்தான். ஸ்விட்சைப் போட்டு அணைப்பதால் வரும் தேய்மானம் இவற்றுக்குப் பக்கத்திலேயே வராது. அதனால் ராத்திரி அணைத்துவிடுங்கள். பகலில் சாப்பிடப் போகும்போதும் காய்கறி வாங்கப் போகும்போதும் அணைக்க வேண்டியதில்லை.

"அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணினா கெட்டுப்போயிடும்" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. பழைய ஹார்டு டிஸ்க்குகளில், மெஷினை அணைத்தால் படிக்கும் முனை தட்டின் மேலேயே வந்து இறங்கும். மறுபடி போடும்போது உரசிக்கொண்டு கிளம்பும். அந்த வகை டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கே 50,000 தடவை நின்று கிளம்பலாம் என்று கணக்கு கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வரும். பின்னால் வந்த டிஸ்க்குகளில் முனை ஓரத்தில் உள்ள சரிவில் ஏறி ஒதுங்கிக்கொள்ளும். அவற்றுக்குக் கணக்கு 3 லட்சம், 6 லட்சம் என்று போகிறது. தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அடிக்கடி அணைக்கக் கூடாது என்பவர்கள் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2007இல் கூகுள் தன்னிடம் ஓடிய டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மூன்று வருஷத்தைத் தாண்டிய டிஸ்க்குகளில், அதிகம் அணைத்துப் போடப்பட்டவை கொஞ்சம் கூடுதலாகப் பழுதானதாகத் தெரிந்தது. ஆகவே பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் மணிக்கொரு தரம் அணைத்துப் போட வேண்டாம். ராத்திரி ஒரு தடவை அணைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு பேச்சு, போடும்போது இழுக்கும் கரண்ட் பல மணி நேரம் ஓடுவதற்குச் சமம் என்பது. அது சுத்தமாகத் தப்பு. அந்த இழுப்பு கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது.

சூட்டுக்கு வருகிறேன். எஸ்எம்பிஎஸ்ஸிலும் (பிளக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மதர்போர்டிலும் (எல்லா பாகமும் வந்து சேரும் பெரிய அட்டை) சின்னச் சின்ன உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கும். சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஓடாத மெஷினில் இந்த வற்றல் மிகக் குறைவு. நம் ஊர்க் கத்திரியில், ஏசி போடாத அறையில், கேபினெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் முதல் மெஷின் ஒரு மே மாதத்தில் தானாகவே ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினான். "இதோட தலையைப் பாருங்க சார், உப்பியிருக்கு." தட்டையாக இருக்க வேண்டிய உச்சி, பூரி மாதிரி மேலெழும்பி, நடுவில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "அணைச்சு அணைச்சுப் போடறதால வருமா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார். சூடுதான். மே மாசம் வந்தா இதே கேஸா வரிசையா வரும்."

அன்றைக்கு அதே கேபினெட்டில் பார்த்த தூசியைச் சொல்லாமல் விட முடியாது. பிராசஸர் மேல் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் கம்பளி போல அடைத்திருந்தது. ஃபேன் சுற்றும் நேரமெல்லாம் தூசியை உள்ளே இழுக்கும். இருபத்து நாலு மணி நேரம் ஓடும் மெஷின், எட்டு மணி நேரம் ஓடும் மெஷினைப் போல மூன்று பங்கு நேரம் தூசி இழுக்கிறது. இரண்டாவது மெஷினை வருஷத்துக்கு ஒரு தடவை திறந்தால் போதுமாக இருந்தது.

ஓடவிடுவதற்குச் சாதகமான விஷயம் ஒன்று திருவான்மியூரில் எனக்குப் புரிந்தது. கடல் காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வரும். அங்கே ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை துருப்பிடிக்கும். கேபினெட்டின் ஸ்க்ரூக்களும் பழுப்பேறிவிடும். ஓடும் மெஷினுக்குள் கதகதப்பாக இருப்பதால் ஈரம் தங்காது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் போடாமலே மூடி வைத்த கம்ப்யூட்டர், ரேம் முனைகளில் பச்சை பூத்து, போட்டதும் 'பீப் பீப்' என்று கத்துவதை அந்தப் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்து ராத்திரி பகலாக ஓடவிடுவது இல்லை. தினமும் கொஞ்ச நேரமாவது போட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நிமிஷம். தெரு முழுக்க நின்றிருந்த ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். வோல்டேஜ் தொபுக்கென்று விழும், ஏறும், சில சமயம் இரண்டு மூன்று தடவை வெட்டி வெட்டி வரும். எஸ்எம்பிஎஸ் அடி வாங்குவது அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி தண்ணீரில் நின்று, கரண்ட் இல்லாமல் நாட்கள் போனது சென்னைக்காரர்களுக்கு மறக்காது. மழை வலுத்ததுமே நான் எல்லா பிளக்கையும் உருவிவிட்டேன். கரண்ட் வந்தபோது விளக்கு மங்கி, பளிச்சென்று எரிந்து, மறுபடி அணைந்து, அப்புறம்தான் நிலையாக நின்றது. எதிர் வீட்டில் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸும் மோடத்தின் அடாப்டரும் அன்றைக்கே போயின. "நான்தான் ஷட் டவுன் பண்ணி வெச்சிருந்தேனே" என்றார் அந்த வீட்டுக்காரர், வருத்தத்தோடு.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஷட் டவுன் செய்த டெஸ்க்டாப்பும் முழுதாக அணைந்திருப்பதில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்பக்கப் பட்டனைத் தொட்டதும் மெஷின் எழுந்திருப்பது அதனால்தான். ஆகவே வெளியிலிருந்து வரும் அடி, அணைத்த மெஷினிலும் விழும். ஷட் டவுன் செய்த பிறகு சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கையே உருவிவிடுங்கள், கூடவே மோடத்திலிருந்து வரும் நெட் வயரையும். மின்னல் அந்த வழியாகவும் வந்து மதர்போர்டைச் சுடும். வெறும் ஸ்பைக் பஸ்டரை நம்பி விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் செட்டிங் பக்கத்தில், கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாக எழ வேண்டுமா என்று ஒரு செட்டிங் இருக்கும். அது 'ஆஃப்' என்று இருக்கட்டும். வெட்டி வெட்டி வரும் கரண்டில் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் எழுந்து விழுவது அதற்கு நல்லதில்லை.

யூபிஎஸ் இருந்தால் கவலையில்லை என்பார்கள். வீட்டில் வாங்கும் 600 விஏ யூபிஎஸ், ஃபைலைச் சேவ் செய்து அணைக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் தரும். அதற்குத்தான் அது. ராத்திரி நாம் தூங்கும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்து, மெஷின் பாதியில் சாகும். அதன் பேட்டரியும் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வருஷம்தான் தாங்குகிறது.

கரண்ட் பில் கணக்கு சின்னதுதான், ஆனால் ஓர் இடத்தில் இடிக்கும். என் டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது, மானிட்டர் இல்லாமல், சுமார் 50 வாட் எடுக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் ஓடவிட்டால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள படியின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். தாண்டிவிட்டால் அதுவும் 4.50. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும் பில், 510க்கு 2,030 ஆகிவிடும். பத்து யூனிட்டுக்கு முந்நூற்று ஐந்து ரூபாய். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, படி அமைப்பு இப்படித்தான். கோடையில் ஏசியோடு 480, 490 என்று விளிம்பில் நிற்கும் வீடுகளில் இந்த 36 யூனிட்தான் எல்லையைத் தாண்டவைக்கும்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக இறங்குவதில்லை. நம் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதையே எடுத்துப் போட்டு வேகமாக எழும். இதற்கு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். தினமும் தவறாமல் அணைக்கும் மெஷினிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' என்ற இடத்தைப் பாருங்கள். வாரக்கணக்கில் ஓடுவதாகக் காட்டும். பிரிண்டர் திடீரென்று தெரியாமல் போவது, சவுண்ட் வராமல் போவது எல்லாம் அணைத்துப் போட்டும் சரியாகாமல், ரீஸ்டார்ட் கொடுத்ததும் சரியாவது இதனால்தான். ரீஸ்டார்ட் என்றால் விண்டோஸ் உண்மையிலேயே முதலிலிருந்து கிளம்பும். நான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து வைத்திருக்கிறேன். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக் இருக்கிறது. எஸ்எஸ்டி இருந்தால் அது இல்லாமலும் விண்டோஸ் சீக்கிரமே வந்துவிடுகிறது. அணைக்காமலே ஓட்டுபவர்கள் வாரம் ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் மில்லிசெகண்டை எண்ணும் கணக்கு 49.7 நாளில் நிரம்பி, மெஷின் அப்படியே உறைந்துவிடும் கோளாறு ஒன்று இருந்தது. இப்போது அது இல்லை. ஆனால் பிரவுசரும் வடிவமைப்பு மென்பொருளும் பிடித்த ரேமை விடாமல் வைத்துக்கொள்வது அப்படியேதான் இருக்கிறது.

பகலில் எனக்குப் பிடித்தது ஸ்லீப். ரேமுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து மற்றதெல்லாம் தூங்கும். சில வாட்தான் செலவு. திறந்திருக்கும் அத்தியாயங்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால், சேவ் செய்யாத வேலை போயிற்று. அதனால் பாதி முடித்த பக்கங்களோடு படுக்கப் போகிற ராத்திரிகளில் ஹைபர்னேட் கொடுக்கிறேன். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடுவதால், சுவர் ஸ்விட்சை அணைத்தாலும் காலையில் எல்லாம் அப்படியே திரும்பி வரும். பவர் மெனுவில் அது காணவில்லை என்றால் மேலே சொன்ன அதே பக்கத்தில் டிக் போட்டு வரவழைக்கலாம். மானிட்டருக்கு ஸ்கிரீன் சேவர் வேண்டவே வேண்டாம்; அது பழைய டியூப் மானிட்டரில் படம் பதிந்துவிடாமல் இருக்க வந்தது. ஐந்து நிமிஷத்தில் திரை அணையும்படி வைத்தால் போதும்.

ஓ.எம்.ஆர். ஆபீசில் உள்ள மெஷினை வீட்டிலிருந்து இயக்குபவர்களுக்கும், ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் போடுபவர்களுக்கும் அணைப்பது முடியாது. அவர்கள் நல்ல யூபிஎஸ்ஸும் எர்த் இழுத்த பிளக் பாயின்ட்டும் வைத்து, கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஓட்டட்டும். எர்த் இல்லாத பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அந்த நிலையில் ஆள் இல்லாத நேரத்தில் ஓடவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லேப்டாப்காரர்கள் மூடியை மூடினால் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பைக்குள் வைக்காதீர்கள். புது லேப்டாப்கள் பல, மூடிய பிறகும் நெட்டைப் பார்க்க அவ்வப்போது விழிக்கும். வெயிலில் பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தால் பை கொதிக்கும், பேட்டரி பாதி போயிருக்கும். வெளியே கிளம்பும்போது அதற்கும் ஹைபர்னேட்தான்.

சுவர் ஸ்விட்சை தினமும் அணைப்பதில் ஒரே ஒரு சிறு செலவு உண்டு. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் வட்ட பேட்டரி, சிஆர்2032, கொஞ்சம் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். பேங்க் வெப்சைட் உட்பட எதைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று பிரவுசர் மறிக்கும். வைரஸ் என்று பயந்து ஃபார்மட் பண்ணக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். அந்த பேட்டரி தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்; பிளக்கை உருவிவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.