ஒரு டி-ஷர்ட், இரண்டு கார்பன் கணக்குகள்: ஐ.எஸ்.ஓ. 14067-ஆ, ஐரோப்பாவின் பி.இ.எஃப்.-ஆ?

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கடந்த ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு பையர்களிடமிருந்து, ஒரே டி-ஷர்ட்டைப் பற்றி, இரண்டு படிவங்கள் வந்தன. 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி, 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூல், ஒரு பீஸ் ஏறத்தாழ 150 கிராம். பஞ்சில் தொடங்கி எங்கள் பேக்கிங் அட்டைப்பெட்டி வரையிலான கார்பன் தடத்தை, அதாவது வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் அளவை, ஒருவர் கேட்டார். மற்றவரோ அந்தச் சட்டையை ஐரோப்பாவில் ஒருவர் வாங்கி, துவைத்து, உலர்த்தி, கடைசியில் குப்பையில் போடும் வரையிலான கணக்கு வேண்டும் என்றார். இரண்டையும் நிரப்பி அனுப்பியபோது இரண்டு வெவ்வேறு எண்கள் கிடைத்தன. இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பேச வழியும் இல்லை. எந்த முறையை எங்கள் அடிப்படைக் கணக்காக வைத்துக்கொள்வது என்று அப்போதுதான் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பொருள்களின் கார்பன் தடத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14067-ஐ நாங்கள் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருள்களின் கார்பன் தடத்தைக் கணக்கிடும் தரநிலைகளில் பிரிட்டனின் பாஸ் 2050 முன்னோடி. 2008-இல் வெளியாகி 2011-இல் திருத்தப்பட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பசுங்குடில் வாயுக் கணக்குக்கு விதிகள் வகுக்கும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் அமைப்பு 2011-இல் வெளியிட்ட பொருள் தரநிலை விளக்கங்களில் தாராளமானது, ஐ.எஸ்.ஓ.-வின் வாசகம் புரியாதபோதெல்லாம் அதைத்தான் புரட்டுகிறோம். இரண்டுக்கும் அடிப்படையில் பெரிய பகை இல்லை. அந்த இரு அமைப்புகளும் தங்கள் தரநிலைகளை ஒருங்கிணைக்கப்போவதாகவும், பொருள் அளவிலான கணக்குக்குப் பொதுத் தரநிலை ஒன்றை உருவாக்கப்போவதாகவும் 2025 செப்டம்பரில் அறிவித்தபின், இவ்விரண்டில் எது என்ற கேள்வியே வலுவிழந்துவிட்டது. ஆகவே உண்மையான போட்டி 2018-இல் முழுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14067-க்கும், ஐரோப்பிய ஆணையம் 2013-இல் பரிந்துரைத்து 2021-இல் புதுப்பித்த பி.இ.எஃப். (பொருளின் சுற்றுச்சூழல் தடம்) முறைக்கும்தான்.

இரண்டும் ஒத்துப்போகும் இடங்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. இரண்டுமே, மூலப்பொருள் முதல் குப்பை வரை பார்க்கும் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கின் மேல் நிற்பவை. மரம் நட்டோம், கார்பன் கிரெடிட் வாங்கினோம் என்று சொல்லிப் பொருளின் எண்ணிலிருந்து கழிக்க இரண்டும் இடம் தருவதில்லை. எதுவரை கணக்கிடுவது என்ற எல்லையில் ஒரு வேறுபாடு உண்டு. ஐ.எஸ்.ஓ. தொழிற்சாலை வாசல் வரையிலான பகுதிக் கணக்கை, அது பகுதிக் கணக்குதான் என்று தெளிவாகக் குறிப்பிடும் பட்சத்தில், ஏற்றுக்கொள்கிறது. வாடிக்கையாளர் எத்தனை முறை துவைப்பார் என்பதைத் திருப்பூரில் உட்கார்ந்து ஊகிப்பதில் பயனில்லை என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மின்சாரம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்திய மின்கட்டமைப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் வெளியீடுகளை ஒட்டிய கணக்கு. 150 கிராம் பீஸுக்கு, சாயப் பட்டறை இழப்பும் கட்டிங் வேஸ்டும் போக, எங்களுக்கு ஏறத்தாழ 190 கிராம் நூல் தேவைப்படுகிறது. நூற்பில் கிலோவுக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், நூற்பு மின்சாரம் மட்டும் ஒரு பீஸுக்கு அரைக் கிலோவை நெருங்குகிறது. ஆனால் எங்களுக்கு நூல் தரும் மில்லுக்கு உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலைகள் உண்டு. அந்தக் காற்று மின்சாரத்தைக் கணக்கில் கொண்டால் அந்த அரைக் கிலோவின் பெரும்பகுதி மறைந்துவிடும். இந்த ஒரு பதிவைப் போல எண்ணை அசைக்கும் வேறு எதையும் எங்கள் கணக்கில் நான் பார்க்கவில்லை.

அப்படியானால் அதைச் சேர்ப்பதற்கு என்ன சான்று வேண்டும்? ஐ.எஸ்.ஓ. 14067 இதற்குத் தெளிவான நிபந்தனைகளை வைக்கிறது: அந்த யூனிட்டை வேறு எவரும் உரிமை கொண்டாடக் கூடாது; அது கண்காணிக்கப்பட்டு நம் பெயரில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும்; உற்பத்தியான காலம் பயன்படுத்திய காலத்துக்கு இயன்றவரை நெருக்கமாக இருக்க வேண்டும்; அதே சந்தை எல்லைக்குள் உற்பத்தியாகியிருக்க வேண்டும். மில்லின் கணக்காளரோடு ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து, மாதவாரி ஈபி பில்லில் காற்றாலை யூனிட்டுகளைக் கழித்திருந்த பத்தியையும், புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்களாக விற்றவற்றின் பட்டியலையும் வரி வரியாக ஒப்பிட்டோம். ஒரு காற்றாலையின் யூனிட்டுகள் இரண்டு இடத்திலும் இருந்தன. சான்றிதழாக விற்றுவிட்ட காற்றை நூலின் கணக்கில் மறுபடியும் சேர்க்க முடியாது என்பதால் அவற்றை நீக்கினோம். எங்கள் எண் உயர்ந்தது. ஆனால் தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்கிறது.

காலப் பொருத்தம் இன்னொரு சிக்கல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் வீசுகிறது. அப்போது மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து மார்கழியில் எடுப்பது இங்குள்ள வழக்கம். ஆண்டுக் கணக்காக எடுத்தால் இது பொருந்திவிடுகிறது. மணிக்கு மணி பொருத்திக் காட்டச் சொல்லும் விதி நாளை வந்தால் பொருந்தாது. அதனால் ஆண்டுக் கணக்கு என்று அறிக்கையிலேயே எழுதிவிடுகிறோம்.

பி.இ.எஃப். முறையும் இத்தகைய சான்றுகளைக் கேட்கிறது, காற்று மின்சாரத்தை மறுக்கவில்லை. வேறுபாடு பராமரிப்பில் இருக்கிறது. மில்லின் மின்சாரத்தை அங்கே உள்ளபடி காட்ட வேண்டுமானால், அந்த மில்லின் தரவை அம்முறைக்குரிய வடிவத்தில் கட்டி, தர மதிப்பீடு செய்து, சரிபார்க்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லாத சிறு நிறுவனம் ஆயத்தத் தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்ளும். அதில் மின்சாரம் சராசரியாகவே இருக்கும். காற்றாலைக்குப் பணம் போட்ட மில்லும் போடாத மில்லும் ஒரே எண்ணில் முடியும். நூல் வாங்கும் மில் மாறினால், ஐ.எஸ்.ஓ. வழிக் கணக்கில் எனக்கு இரண்டு நாள் வேலை. பி.இ.எஃப்.-இல் நாங்கள் ஒரு பொருளுக்கு வரைவு வரை மட்டுமே சென்றிருக்கிறோம். அந்த அனுபவத்தில் வாரக்கணக்கில் ஆகும் என்று தோன்றுகிறது. முழு ஆய்வை முடித்தவர்கள் வேறு விதமாகச் சொன்னால் அதை நம்புங்கள்.

பருத்தியின் உள்ளே இருக்கும் கார்பனும் கவனிக்க வேண்டியது. பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்; அதன் எடையில் சுமார் 44 விழுக்காடு கார்பன். ஒரு கிலோ பஞ்சு வளரும்போது சுமார் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து எடுத்திருக்கிறது. வாசல் வரையிலான கணக்கில் இதைக் கழித்துவிட்டால் எண் அழகாகக் குறையும். ஆனால் சட்டை எரியும்போதோ மக்கும்போதோ அது திரும்ப வெளியேறும். பி.இ.எஃப். இந்த வரவு செலவை சுழியமாக வைத்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. தனி வரியாகக் காட்டச் சொல்கிறது. அந்தத் தனி வரி இருப்பதால்தான் பி.இ.எஃப். கேட்கும் பையருக்கும் அதே ஏட்டிலிருந்து எண் எடுத்துக் கொடுக்க முடிகிறது.

ஐ.எஸ்.ஓ.-வின் குறையை மறைக்கக் கூடாது. அது தளர்வானது. இரண்டு நிறுவனங்கள் அதையே பின்பற்றி, கோம்பர் எந்திரத்தில் கழிந்து விழும் குட்டை இழைகளான நாய்லுக்கு ஒருவர் விலைப்படியும் மற்றவர் எடைப்படியும் பங்கு பிரித்தால், இருவரின் எண்ணும் ஒப்பிடத் தகாதவை. அந்தப் பொருள்வகைக்கென வகுத்த ஒரே கணக்கு விதியை இருவரும் பின்பற்றினாலன்றி ஒப்பிடக் கூடாது என்று தரநிலையே சொல்கிறது. கடையில் இரண்டு சட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளருக்கு இறுக்கமான விதிகள் கொண்ட பி.இ.எஃப். முறையே நேர்மையானது.

அதைவிட முக்கியமான ஒன்று எங்கள் ஊரைச் சார்ந்தது. நொய்யல் ஆறு மாசுபட்டதால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியேற்றாத முறைக்கு மாறிய பிறகே இயங்குகின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வூடு பரவல் எந்திரங்களுக்கு மின்சாரமும், உப்பு நீரைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிகளுக்கு நீராவியும் வேண்டும். விளைவாக, ஆற்றைக் காக்கும் பட்டறையின் கார்பன் எண், சாயநீரை வெளியே விடும் வேறோர் ஊர்ப் பட்டறையைவிட அதிகமாகத் தெரியக்கூடும். பி.இ.எஃப். 16 பாதிப்பு வகைகளைப் பார்ப்பதால் தண்ணீர்ப் பயன்பாடும் நச்சுத்தன்மையும் அங்கே தெரியும். கார்பனை மட்டும் பேசும் ஐ.எஸ்.ஓ. 14067-இல் தெரியாது. எங்கள் தேர்வில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான். அதனால் அறிக்கையின் அடியில், சாயமிடலில் ஒரு கிலோ துணிக்கு மறுசுழற்சியான நீரின் அளவையும் சேர்த்து அனுப்புகிறோம். அதை எவரும் கேட்கவில்லை.

எண்ணை எப்படிச் சொல்வது என்பதில் ஐரோப்பா இறுகிவருகிறது. கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுசெய்ததைக் காட்டி ஒரு பொருளை ‘கார்பன் சமநிலை’ என்று விளம்பரப்படுத்துவதை, 2024-இல் ஏற்கப்பட்ட நுகர்வோர் ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. பொட்டலத்தில் வெறும் எண்ணை அச்சிடும் வழியும் எளிதல்ல. டெஸ்கோ 2007-இல் தன் பொருள்கள் அனைத்துக்கும் கார்பன் லேபிள் இடுவதாக அறிவித்து, 2012-இல் கைவிட்டது. சட்டையில் தொங்கும் அட்டையான ஹேங்டேக்கில் எண்ணைப் போடச் சொல்லி ஒரு பையர் கேட்டபோது நாங்கள் மறுத்தோம்.

நாங்கள் அனுப்புவது ஒரு பக்கத் தாள். ஒரு கிலோ துணிக்கும் ஒரு பீஸுக்குமான எண், வாசல் வரை என்ற எல்லை, எந்த ஆண்டின் தரவு, எவ்வளவு நேரடி அளவீடு, காற்று மின்சாரம் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு எண்கள், பஞ்சின் கார்பன் தனி வரியில், நாய்ல் பங்கீட்டு முறை. முதல் முறை வந்த இரண்டு படிவங்களில் ஒன்றை இப்போது இந்தத் தாளிலிருந்தே நிரப்பிவிடுகிறோம். மற்றொன்றுக்குத் துவைப்பும் குப்பையும் மட்டும் பையர் தரப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள்.